மில்லிவோல்ட்டுக்கு ஏன் 'நுண்'?

புதிதாக வாங்கிய மல்டிமீட்டரோடு (மின்சாரம் அளக்கும் கருவி) தமிழில் ஒரு கையேடும் வந்தது. சந்தோஷமாகப் பிரித்தேன். குமிழில் '200எம்', அதாவது 200 மில்லிவோல்ட், என்று இருக்கும் இடத்துக்கு '200 நுண்வோல்ட்' என்று விளக்கம் போட்டிருந்தார்கள். போன மாதம் ஒரு பாடக்குறிப்பில் இதே நுண்வோல்ட் மைக்ரோவோல்ட்டுக்கு நின்றது. 200 மில்லிவோல்ட் என்றால் 0.2 வோல்ட், 200 மைக்ரோவோல்ட் என்றால் 0.0002 வோல்ட். ஆயிரம் மடங்கு வித்தியாசத்தை ஒரே சொல்லுக்குள் அடைத்தாகிவிட்டது.

வோல்ட் என்பது 1800இல் மின்கல அடுக்கை அறிவித்த இத்தாலியர் வோல்ட்டாவின் பெயர். மில்லி லத்தீனில் ஆயிரம், கிலோ கிரேக்கத்தில் ஆயிரம். 1795இல் மெட்ரிக் முறையை வகுத்த பிரெஞ்சுக்காரர்கள் கீழே இறங்க லத்தீனையும் மேலே ஏறக் கிரேக்கத்தையும் எடுத்துக்கொண்டார்கள். அதனால் மில்லி ஆயிரத்தில் ஒரு பங்கு. மைக்ரோவும் மெகாவும் பின்னால் வந்தவை. கிரேக்கத்தில் 'சிறிய', 'பெரிய'.

வம்பு இங்கேதான். அகராதியில் 'சிறிய' என்று கண்டதும் மொழிபெயர்ப்பாளர் 'நுண்' போட்டுவிடுகிறார். நுண்ணுயிருக்கு அது சரி, அங்கே யாரும் எத்தனை பங்கு என்று கணக்குக் கேட்பதில்லை. மைக்ரோவோல்ட்டில் இருக்கும் மைக்ரோ ஓர் எண்: பத்து லட்சத்தில் ஒன்று. நுண் என்றால் இதுதான் என்று பையனுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு, அப்புறம் 'நுண்ணலை' என்றால் அவன் என்ன நினைப்பான்? மைக்ரோவேவ் அடுப்பின் அலைநீளமே சுமார் 12 சென்டிமீட்டர்! மெகாவோல்ட்டுக்கு, அதாவது பத்து லட்சம் வோல்ட்டுக்கு, 'பெருவோல்ட்' என்பதும் இதே கூத்துதான். தெருமுனை டிரான்ஸ்ஃபார்மருக்கு வரும் 11 கிலோவோல்ட் மட்டும் சிறுவோல்ட்டா?

தனித்தமிழ் நண்பர் ஒருவர், "நம்மிடம்தான் கீழ்வாய் இலக்கம், அந்தக் காலத்துப் பின்னக் கணக்கு, இருக்கிறதே, இம்மிவோல்ட் என்று வைத்தால் என்ன?" என்றார். எனக்கும் ஆசைதான். ஆனால் இம்மி சரியாகப் பத்து லட்சத்தில் ஒரு பங்கு இல்லை. மைக்ரோவுக்குப் பொருந்தாது. முந்திரி 320இல் ஒன்று, மில்லிக்கு உதவாது. அந்தக் கணக்கு பத்துப் பத்தாக இறங்குவதில்லை.

வோல்டேஜுக்கு மின்னழுத்தம் நல்ல சொல், இருக்கட்டும். அலகின் முன்னொட்டை மட்டும் தொட வேண்டாம்: மில்லிவோல்ட், மைக்ரோவோல்ட், கிலோவோல்ட், மெகாவோல்ட். நூறு மில்லி எண்ணெயும் அரைக் கிலோ தக்காளியும் கேட்டு வாங்குகிறவர்களுக்கு இதில் எது அந்நியம்? சுருக்கக் குறியீட்டையும் தமிழாக்காதீர்கள். ஆங்கிலத்தில் சின்ன எம் மில்லி, பெரிய எம் மெகா. தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து கிடையாது. மி.வோ., மெ.வோ. என்று எழுதி ஒரு கொம்பு அச்சில் மாறினால் நூறு கோடி மடங்கு பிசகும்.

கையேட்டில் நுண்ணை அடித்து மில்லி என்று பேனாவால் எழுதினேன். ஒரு புது பென்சில் பேட்டரியை 2000எம்மில் வைத்துப் பார்த்தேன். 1560 காட்டியது, அதாவது 1.56 வோல்ட்.