சோடாவுக்கும் கெக்குக்கும் கேஸ் வாங்கறீங்களா, சிலிண்டரோட பூர்வீகத்த மொதல்ல விசாரிங்க

"ண்ணா, வெல்டிங் பட்டறைக்கு போடற சிஓ2வையே (கார்பன் டை ஆக்சைடு) சோடாவுக்கும் போட்டா என்ன, ரெண்டும் ஒரே கேஸ்தானே?" கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம், பாலக்கோடு பக்கம் புதுசா சோடா யூனிட் போடற பசங்க எங்க கேஸ் குடோனுக்கு வந்தா கேக்கற மொத கேள்வி இதான். 2017ல ஜல்லிக்கட்டு போராட்டம் முடிஞ்ச கையோட வெளிநாட்டு கூல்டிரிங்ஸ் வேணாம்னு ஒரு அலை அடிச்சுதுல்ல, அப்போ இருந்தே பன்னீர் சோடா, கோலி சோடா, இஞ்சி சோடானு ஊருக்கு ஊர் ஆளுங்க இறங்கிட்டாங்க, நல்ல விஷயம்தான். இப்ப ஓசூர் பக்கம் ஐடி வேலைக்கு போற பசங்க ஸ்டீல் கெக் (பானத்த அழுத்தத்தோட அடைச்சு வைக்கற டிரம்) வாங்கி வச்சிட்டு கொம்புச்சா (நொதிக்க வச்ச டீ), ஜிஞ்சர் ஏல் (இஞ்சி போட்ட கேஸ் பானம்)னு ட்ரை பண்றாங்க, அவங்களும் இதே கேள்விதான் கேக்கறாங்க.

சில பேர் கொஞ்சம் குரல தாழ்த்தி "வீட்ல பீர் போடலாம்னு இருக்கோம்"னும் சொல்வாங்க. அதுக்கு என் பதில் ஒண்ணுதான், தமிழ்நாட்டுல வீட்ல பீர் காய்ச்சறது 1937ம் வருஷ மதுவிலக்கு சட்டத்துல குத்தம், அதுக்கு நான் கேஸ் தரமாட்டேன். அந்த மதுவிலக்கு மொத மொதல்ல வந்ததே அப்போ நம்ம ஏரியாவும் சேர்ந்து இருந்த பழைய சேலம் ஜில்லாவுலதான், கொண்டு வந்த ராஜாஜி பொறந்த தொரப்பள்ளி இதோ ஓசூர் பக்கத்துல இருக்கு. அதனால இந்தப் பதிவு சோடா, கொம்புச்சா மாதிரி ஐட்டத்துக்குத்தான். பெங்களூர்ல லைசென்ஸ் வாங்கின மைக்ரோபுரூவரில வேலை பாக்கற நம்மூரு ஆளுங்களுக்கும் கேஸ் விஷயம் அப்படியே பொருந்தும்.

சரி, கேள்விக்கு வருவோம். பெரும்பாலும் கேஸ் ஒரே எடத்துல இருந்துதான் வருது. உர ஆலை, ஹைட்ரஜன் பிளாண்ட், சாராய ஆலைல நொதிக்கிற தொட்டி, இங்கெல்லாம் கழிவா வெளிய வர்ற சிஓ2வ பிடிச்சு சுத்தம் பண்ணி திரவமாக்கி டேங்கர்ல அனுப்பறாங்க. சுத்தம் பண்ற அளவுலதான் வித்தியாசம் வருது. குடிக்கற பானத்துக்கு போற கேஸ் கொறஞ்சது 99.9 சதவீதம் சுத்தமா இருக்கணும்னு உலகம் பூரா பான கம்பெனிங்க ஒரு அளவு வச்சிருக்காங்க, அதுதான் ஃபுட் கிரேடு, அதுல ஈரம் 20 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்துல 20 பங்கு) மேல கூடாது, பென்சீன் 0.02 பிபிஎம்முக்கு மேல கூடாது, மொத்த கந்தகம் 0.1 பிபிஎம்முக்கு மேல கூடாதுனு ஒவ்வொண்ணுக்கும் எல்லை இருக்கு. பட்டறைக்கு போற கேஸ்ல இதெல்லாம் யாரும் டெஸ்ட் பண்ணி பேப்பர் தர்றதில்ல. 99.5ன்னு போட்டிருந்தா கூட மீதி அரை சதவீதத்துல என்ன இருக்குனு யாருக்குத் தெரியும்?

ஆனா என் அனுபவத்துல பிரச்சனை டேங்கர்ல இருந்து வர்றத விட சிலிண்டருக்குள்ள இருந்துதான் ஜாஸ்தி வருது, இத யாரும் கேக்கறதே இல்ல.

யோசிச்சு பாருங்க, ஓசூர் சிப்காட்ல ஒரு ஃபேப்ரிகேஷன் கடைல வருஷக்கணக்கா உருண்ட சிலிண்டர். வால்வ தெறந்தே போட்டு காலி பண்ணுவாங்க, உள்ள அழுத்தம் போனதும் வெளிக்காத்தும் ஈரமும் உள்ள போகும். சிஓ2வும் தண்ணியும் சேர்ந்தா கார்பானிக் அமிலம், அது ஸ்டீல அரிக்கும், துரு வரும். இன்னொரு பக்கம் சோடா கடையில ரெகுலேட்டருக்கு அப்புறம் நான்-ரிட்டர்ன் வால்வு (ஒரு பக்கமா மட்டும் கேஸ விடற வால்வு) போடாம விட்டிருப்பாங்க, சிலிண்டர் காலியாகற நேரத்துல சக்கரைப் பாகு கலந்த தண்ணி ரிவர்ஸ்ல உள்ள ஏறிடும். இந்த ரெண்டு சிலிண்டரும் ஃபில்லிங் ஸ்டேஷனுக்கு வந்து, வெளிய பெயிண்ட் அடிச்சு, சுத்தமான கேஸையே அடைச்சு உங்க கைக்கு வந்தா நீங்க வாங்கினது ஃபுட் கிரேடா இல்லையா நீங்களே சொல்லுங்க.

எங்க யார்டுல சந்தேகம் வந்த சிலிண்டர்ல ஒரு சோதனை பண்ணுவோம். முழு சேஃப்டியோட சிலிண்டர சாய்ச்சு திரவத்த கொஞ்சம் சுத்தமான வெள்ளைத் துணிப் பைக்குள்ள பீய்ச்சினா பனியா கொட்டும், மைனஸ் 78 டிகிரி இருக்கும், அப்படியே விட்டா கரைஞ்சு தண்ணி கூட நிக்காம ஆவியா போயிடும். நல்ல சிலிண்டர்னா துணில ஒண்ணும் இருக்காது, ஒரு மொடமொடப்போட காஞ்சு கெடக்கும். ஒரு தடவை பட்டறைல இருந்து வந்த சிலிண்டர்ல பனி போனதும் துணி நடுவுல செங்காவி கலர்ல ஒரு திட்டு, அதைச் சுத்தி ஈரம் மாதிரி ஒரு வளையம், விரல்ல தேய்ச்சா வழுக்குது, மோந்து பாத்தா கம்ப்ரசர் ஆயில் வாடை. அந்த சிலிண்டர வாங்கி சோடா போட்டிருந்தா அந்த வாடை பாட்டிலுக்கு பாட்டில் போயிருக்கும். இந்த பனி சோதனைய நீங்க வீட்டுல பண்ணாதீங்க, கை வெந்து போன மாதிரி தோல் உரியும். நீங்க பண்ண வேண்டியது ரொம்ப சிம்பிள், ரெகுலேட்டர் மாட்டி கம்மி அழுத்தத்துல கேஸ ஒரு டம்ளர் நல்ல குடிதண்ணில கொஞ்ச நேரம் கொப்பளிக்க விட்டு மோந்து பாருங்க. லேசான புளிப்பு ஓகே, அழுகின முட்டை வாடை, எண்ணெய், பெயிண்ட் வாடை எது வந்தாலும் திருப்பிக் குடுத்துடுங்க.

காசு மிச்சம் பண்றேன்னு பட்டறை கேஸ் வாங்கறவங்களுக்கு ஒரு கணக்கு சொல்றேன். நல்லா உறைப்பா இருக்கற சோடாவுக்கு லிட்டருக்கு சுமார் 8 கிராம் சிஓ2 போதும். 200 மில்லி பாட்டில்னா ரெண்டு கிராமுக்கும் கம்மி. பாதி கேஸ் வேஸ்ட்டா போகுதுனு வச்சாலும் ஒரு கிலோல 60 லிட்டர் வரும், அதாவது 300 பாட்டில். கிலோவுக்கு பத்து ரூபாய் கூட குடுத்து நல்ல கேஸ் வாங்கினா பாட்டிலுக்கு மூணு நாலு பைசா. இதுக்காகவா கஸ்டமர் வாயில ஆயில் ஊத்தணும்? 19 லிட்டர் கெக்கு வச்சிருக்கறவங்களுக்கும் இதே கதைதான், பீர் அளவுக்கு மெல்லிசான நுரைனா ஒரு கெக்குக்கு சுமார் 100 கிராம் கரையும், குழாய்ல தள்ளி எடுக்க இன்னும் கொஞ்சம் போகும், அவ்ளோதான்.

நெஜமா கேஸ் வீணாகறது எங்கனா, வெதுவெதுப்பான தண்ணில. 25 டிகிரி தண்ணில கரையற கேஸ விட அஞ்சு டிகிரில கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு கரையும். ஏப்ரல் மாசம் தர்மபுரி வெயில்ல டேங்க் தண்ணிய அப்படியே மெஷினுக்குள்ள விட்டுட்டு சோடா காரமே இல்லனு அழுத்தத்த ஏத்திக்கிட்டே போறாங்க, பாட்டில் வெடிக்கறது அப்படித்தான். தண்ணிய குளிர வைக்க செலவு பண்ணுங்க, அழுத்தத்துல விளையாடாதீங்க.

வாங்கும்போது சிலிண்டர் கலர பாத்து ஏமாறாதீங்க, பெயிண்ட் யார் வேணா அடிக்கலாம். தோள்பட்டைல குத்தியிருக்கற எழுத்தப் பாருங்க. வெறும் சிலிண்டர் எடை, தண்ணி கொள்ளளவு, சீரியல் நம்பர், கடைசியா ஹைட்ரோ டெஸ்ட் பண்ண மாசம் வருஷம் எல்லாம் அங்க இருக்கும். சிஓ2 சிலிண்டருக்கு அஞ்சு வருஷத்துக்கு ஒருக்கா அந்த டெஸ்ட் கட்டாயம், அதுல சுமார் 250 பார் (வெளிக்காத்தோட அழுத்தம் ஒரு பார் பக்கம்) அழுத்தத்துல தண்ணி ஏத்தி பாப்பாங்க. தேதி தாண்டியிருந்தா அது 2016ம் வருஷ கேஸ் சிலிண்டர் விதிப்படி நிரப்பவே கூடாத சிலிண்டர். அந்த விதிப்படி சிலிண்டர் நிரப்ப பெசோ (வெடிபொருள், கேஸ் பாதுகாப்ப பாக்கற மத்திய அரசு அமைப்பு) லைசென்ஸ் வேணும், தெருவுல பெரிய சிலிண்டர்ல இருந்து சின்னதுக்கு ஹோஸ் போட்டு மாத்திக் குடுக்கறவங்க கிட்ட அது இருக்கான்னு கேளுங்க, பேச்ச மாத்துவாங்க.

இன்னொண்ணு, பழைய தீயணைப்பு சிலிண்டர கெக்குக்கு மாட்டலாமானு கேக்கறாங்க. வேணவே வேணாம். அதுல உள்ள அடி வரைக்கும் ஒரு குழாய் எறங்கும், வால்வ தெறந்தா கேஸ் வராது, திரவம் வரும். அது ரெகுலேட்டர்ல புகுந்தா உறைஞ்சு போய் உள்ள இருக்கற டயஃப்ரம்ங்கற மெல்லிசான சவ்வு கிழியும், அப்புறம் முழு அழுத்தமும் நேரா உங்க கெக்குக்குப் போகும். அதே மாதிரி மிக் வெல்டிங்குக்கு ஆர்கான் கலந்த சிலிண்டர் ஒண்ணு வரும், அத மாட்டினா சோடா காரமே ஏறாது.

மீட்டர் முள்ள நம்பி எவ்ளோ கேஸ் இருக்குனு சொல்ல முடியாது, இது நெறைய பேருக்கு புரியறதில்ல. உள்ள திரவம் இருக்கற வரைக்கும் முள் அசையாம ஒரே எடத்துல நிக்கும், 20 டிகிரில 57 பார் பக்கம். திரவம் தீர்ந்ததும் மடமடனு எறங்கிடும், அதுக்கு மேல ஓடறது கொஞ்ச நேரம்தான். நம்மூர் வெயில்ல இன்னொரு கூத்து, 31 டிகிரிக்கு மேல போனா சிஓ2க்கு திரவம்னு ஒரு நிலையே கெடையாது. அதனால மத்தியானம் ஒரு ரீடிங், ராத்திரி ஒரு ரீடிங், ரெண்டும் அளவ சொல்லாது. எடை மெஷின் ஒண்ணுதான் கதி. குத்தியிருக்கற வெறும் எடைய கழிச்சா மிச்சம் கேஸ். 10 லிட்டர் கொள்ளளவு சிலிண்டர்னா ஆறரை கிலோ பக்கம் அடைப்பாங்க, பெரிய 46.7 லிட்டர்னா 30 கிலோ. அதுக்கு மேல அடைக்கச் சொல்லி தயவுசெஞ்சு கெஞ்சாதீங்க, சூட்டுல விரிய எடம் வேணும். சரியா அடைச்ச சிலிண்டரே வெயில்ல நின்ன வண்டிக்குள்ள 50 டிகிரிக்குப் போனா 100 பாரைத் தாண்டிடும். டெலிவரி எடுக்கும்போது உங்க கண்ணு முன்னாடி எடை போடச் சொல்லுங்க, முறைச்சாங்கன்னா வேற கடை பாருங்க.

கடைசியா வைக்கற எடம். சமையல் கேஸ்னா வாசனை சேர்த்திருப்பாங்க, கசிஞ்சா வீடே எந்திரிச்சுடும். இதுல அப்படி எதுவும் சேக்கறதில்ல, காத்த விட ஒண்ணரை மடங்கு கனம் வேற, தரையோட தரையா தேங்கும். பத்துக்குப் பத்து ரூம், பத்தடி ஒசரம், கதவு ஜன்னல் சாத்தியிருக்குனு வைங்க. ஆறரை கிலோ சிலிண்டர் மொத்தமா கசிஞ்சா அந்த ரூம் காத்துல 12 சதவீதம் பக்கம் சிஓ2 ஆயிடும். 10 சதவீதத்துலயே சில நிமிஷத்துல மயக்கம் போட்டு விழுவாங்க, காப்பாத்தப் போறவரும் சேர்ந்து விழுவார். தலைவலி, மூச்சு வாங்கற மாதிரி இருந்தா மொத வேலை வெளிய ஓடறதுதான், வால்வ மூடிட்டு போலாம்னு நிக்காதீங்க. பள்ளமான அறை, படிக்கட்டுக்கு அடில, ஏசி போட்டு சாத்தின ரூம், குழந்தைங்க தூங்கற ரூம் எதுலயும் வைக்காதீங்க. காத்தோட்டமான தாழ்வாரம், நிழல், சங்கிலி போட்டு சுவத்தோட கட்டி நிக்க வச்சா போதும்.

சப்ளையர் கிட்ட போன்ல என்ன கேக்கணும்னு தெரியாதவங்க இப்படிக் கேளுங்க: ஃபுட் கிரேடுக்கு பேட்ச் சர்டிஃபிகேட் (அந்த லோடு கேஸ டெஸ்ட் பண்ண பேப்பர்) வாட்ஸப்ல அனுப்புவீங்களா, பானத்துக்குன்னே தனி சிலிண்டர் வச்சிருக்கீங்களா இல்ல பட்டறைக்குப் போறதையே மாத்தி மாத்தி தர்றீங்களா, நிரப்பறதுக்கு முன்னாடி உள்ள காய வச்சு வேக்கம் பிடிக்கறீங்களா (மிச்சக் காத்த உறிஞ்சி எடுக்கறது). சோடா விக்கறவங்க ஃபுட் சேஃப்டி ரிஜிஸ்ட்ரேஷனோ லைசென்ஸோ வச்சிருக்கணும், ஆய்வுக்கு வந்தா கேஸுக்கும் பில் கேப்பாங்கனு மனசுல வச்சு ஃபுட் கிரேடுனு எழுதின பில்லா வாங்குங்க. அப்புறம் காலி சிலிண்டர திருப்பிக் குடுக்கும்போது கொஞ்சம் அழுத்தம் மிச்சம் வச்சு, வால்வ இறுக்கி மூடி, மூடிய போட்டு அனுப்புங்க, அடுத்த தடவை அதே சிலிண்டர் உங்க கடைக்கே கூட வரலாம்.