கெர்னல் பேனிக்: முடங்கலும் முடக்கலும்

மீள முடியாத பிழையால் கணினியின் இயங்குதளம் நின்றுபோவதைக் கெர்னல் பேனிக் என்பார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல்வது? முதலில் கெர்னல். வேலூர், திருவண்ணாமலைப் பக்கம் நிலக்கடலைக்கு மல்லாட்டை என்று பெயர். மணிலாக்கொட்டை மருவிய வடிவம். தோலை உடைத்து எடுக்கும் பருப்பை ஏற்றுமதித் தாள்களில் கெர்னல் என்று எழுதுவார்கள். பழைய ஆங்கிலத்தில் சிறு விதை என்று பொருள். வன்பொருளை நேரடியாக ஆளும் இயங்குதளத்தின் மையப் பகுதிக்கும் அதே பெயர். பயனர் கட்டளையிடும் மேற்பகுதியோ ஷெல், அதாவது ஓடு. கெர்னலைத் தமிழில் 'உட்கரு' என்கிறோம். 'பருப்பு' என்றால் காட்பாடி மாணவருக்குச் சட்டென்று விளங்கும். சிரிப்பு அடங்குவதற்குள் பாடவேளை முடிந்துவிடும்.

'பேனிக்' தான் சிக்கலான சொல். கிரேக்கரின் பான் என்னும் காட்டுத் தெய்வம் மந்தைகளிடையே கிளப்பிவிடும் காரணமற்ற கலவரம் அதன் வேர். அகராதியைப் பார்த்து 'உட்கருப் பீதி' என்று எழுதுகிறவர்கள் இங்கேதான் வழுக்குகிறார்கள். கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் உருவாக்கிய யூனிக்ஸ் இயங்குதளத்தில், மீள வழியில்லாத பிழை நேர்ந்தால் அழைக்கப்படும் சிறு செயற்கூறின் பெயர் அது. செய்தியை அச்சிட்டுவிட்டு வெற்றுச் சுழற்சியில் நின்றுவிடும். தன் நினைவகத்தையே நம்ப முடியாத நிலையில், மேலும் ஓடினால் வட்டிலுள்ள தரவும் கெடும் என்பதால் எடுக்கும் முடிவு. இதில் பீதி எங்கே இருக்கிறது? 'உட்கரு முடங்கல்' என்பதே என் தேர்வு. பழந்தமிழில் முடங்கல் என்றால் சுருட்டிய ஓலைக் கடிதம் என்றும் பொருள் உண்டு. ஆனாலும் இங்கே குழப்பம் வராது.

இந்த முடங்கலைச் சோதனைக்காக நாமே வரவழைப்பதற்குத் தனிச்சொல் தேட வேண்டியதில்லை. முடங்கு தன்வினை, முடக்கு பிறவினை. ஆகவே 'உட்கரு முடக்கல்'. லினக்ஸ் இயங்குதளத்தில் ப்ராக் கோப்பகத்திலுள்ள சிஸ்ஆர்க்யூ ட்ரிகர் கோப்பில் முழு அதிகாரமுள்ள ரூட் பயனர் 'சி' என்ற ஒற்றை எழுத்தை எழுதினால் போதும், கணினி அங்கேயே நிற்கும். கேடம்ப் என்னும் வசதியை அமைத்திருந்தால், ஒதுக்கிவைத்த நினைவகத்திலிருந்து இரண்டாவது உட்கரு எழுந்து, முடங்கியதன் நினைவக நகலைச் சேமிக்கும். அது உண்மையிலேயே எழுகிறதா என்று பார்க்கத்தான் இந்த வேலையெல்லாம். சேமிக்காத தரவு போய்விடும் என்பதால் மெய்நிகர் கணினியில் செய்வதே நல்லது.

விண்டோஸ் இந்த வேறுபாட்டைப் பெயரிலேயே காட்டுகிறது. அமைப்புகளைப் பதிந்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியில் அனுமதித்த பின், வலப்பக்கக் கன்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு ஸ்க்ரோல் லாக்கை இருமுறை தட்டினால், கையால் தொடங்கப்பட்ட முடக்கம் என்று பொருள்படும் தனிப் பிழைப்பெயர் திரையில் வரும்.