அடிமரத்துக்கு மண் அணைக்காதீர்கள்

மறுபடியும் ஒரு தூங்குமூஞ்சி மரம். பழைய பங்களாத் தோட்டம், அந்தக் காலத்தில் நட்ட மரம். தோட்டத்தைப் புதுப்பிக்கிறோம் என்று அடிமரத்தைச் சுற்றி வட்ட மேடை கட்டி, உள்ளே 2 அடிக்குச் செம்மண் கொட்டி, மேலே புல் பதித்திருந்தார்கள். ஆறே வருடம். பெரிய காற்றுகூட இல்லாத நாளில் சாய்ந்துவிட்டது. வேரோடு சாய்ந்தது என்று சொல்லவும் வழியில்லை, வேர் மிச்சம் இருந்தால்தானே? முறிந்த இடம் டீயில் ஊறின ரஸ்க் மாதிரி உதிர்ந்தது. "நல்லா மண்ணெல்லாம் போட்டுப் பலமாத்தானே வச்சிருந்தோம்" என்கிறார்கள். போட்டதால்தான் விழுந்தது.

இந்த எண்ணம் எங்கிருந்து வருகிறது என்று தெரியும். கரும்புக்கு மண் அணைக்கிறோம், வாழைக்கு அணைக்கிறோம், பயிர் சாயாமல் நிற்கிறது. கரும்பின் ஒவ்வொரு கணுவிலும் வேர் விடுவதற்கான மொட்டு உண்டு. மண் பட்டதும் அங்கே புதுவேர் இறங்கும். வாழைக்குக் கிழங்கு இருக்கிறது. தென்னையும் அடித்தூரில் வேர்விட்டுக்கொண்டே இருக்கும். தூங்குமூஞ்சி, நாகலிங்கம், மகாகனி, செம்மயிற்கொன்றை இவற்றின் அடிமரம் அப்படிப்பட்டதல்ல. அது காற்றில் இருக்கவேண்டிய பட்டை. மரம் மண்ணைத் தொடுமிடத்தில் யானைக்கால் போல் விரிந்து, பெருவேர்கள் நாலாபுறமும் பிரிவது கண்ணுக்குத் தெரியவேண்டும். மின்கம்பம் மாதிரி நேராக மண்ணுக்குள் இறங்கினால் கழுத்துவரை புதைத்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

புதைந்த பட்டை ஈரத்திலேயே கிடந்து நைந்துபோகும். அந்த வழியாகக் கானோடெர்மா பூஞ்சை உள்ளே போகும். தென்னையில் தஞ்சாவூர் வாடல் நோயை உண்டாக்குகிற அதே வகைதான். அடிமரத்தில் பழுப்பாக, விளிம்பு வெளுத்து, அலமாரித் தட்டு போலக் காளான் முளைத்தால் அதைச் சீவி எறிந்துவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். உள்ளே அழுகல் முற்றிய பிறகுதான் அது வெளியே தலைகாட்டும்.

பட்டை அப்படியென்றால் வேர் இன்னொரு பக்கம் மூச்சுத் திணறும். ஆணிவேர் பாதாளம்வரை போயிருக்கும் என்று நம்புகிறவர்கள் ஒரு முதிர்ந்த மரம் விழுந்த குழியைப் போய்ப் பார்க்கலாம். நீரையும் சத்தையும் உறிஞ்சும் நுண்வேர்களில் பெரும்பகுதி மேல் 30 முதல் 45 செ.மீ. மண்ணுக்குள்தான் இருக்கிறது. அதன் மேல் 2 அடி மண் ஏறினால் காற்று போகாது. மரம் உடனே சாகாது என்பதுதான் தொல்லை. ஐந்து, பத்து வருடம் இழுக்கும். அதற்குள் மேடை கட்டிய மேஸ்திரியை எல்லோரும் மறந்திருப்பார்கள். பழி மழைமேல் விழும்.

"ஊரில் ஆலமரத்துக்கு மேடை இல்லையா?" என்று கேட்பீர்கள். ஆலுக்கு விழுது இருக்கிறது ஐயா. சென்னை அடையாறில் பிரம்மஞான சபைத் தோட்டத்து ஆலமரத்தின் தாய்மரம் 1989 புயலில் விழுந்தது. மரம் இன்றைக்கும் விழுதுகளில் நிற்கிறது. கொல்கத்தா தாவரவியல் தோட்டத்துப் பெரிய ஆலமரத்தின் தாய்மரம் பூஞ்சையால் கெட்டு, 1925-ல் வெட்டி எடுக்கப்பட்டது. அதுவும் விழுதுகளில்தான் வாழ்கிறது. தூங்குமூஞ்சிக்கு ஏது விழுது?

மேடை ஏற்கெனவே இருந்தால் இடிக்கலாம், ஆனால் பொறுமையாக. கோடையில் தொடாதீர்கள், பல வருடம் இருட்டில் கிடந்த பட்டை வெயில் பட்டதும் வெந்துவிடும். மழைக்காலத் தொடக்கத்தில் செய்யுங்கள். பட்டைக்கு ஒரு அடி தள்ளி மண்வெட்டி நிற்கட்டும். அதற்கு உள்ளே கையும் மூங்கில் குச்சியும்தான். வேர்கள் விரியும் இடம் தெரியும்வரை மண்ணை எடுங்கள். அடிமரத்தைச் சுற்றிச் சுருண்டு இறுக்கும் விரலளவு வேர்களை அறுத்துவிடலாம். மணிக்கட்டுப் பருமன் வேரைக் கண்டால் கத்தியைக் கீழே வையுங்கள், தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். பிறகு காய்ந்த இலைச்சருகை 5 முதல் 8 செ.மீ. உயரத்துக்குப் பரப்புங்கள், பட்டையிலிருந்து ஒரு சாண் விட்டு. புல் வெட்டும் இயந்திரத்தின் நைலான் நரம்பு பட்டையை வளையமாகச் சீவுவதும் இதனால் நிற்கும்.

நடைபாதைக் கல் பதிக்கும் முன் ஒரு கணக்கு. நெஞ்சுயரத்தில் மரத்தின் சுற்றளவை அளந்து 3.14-ஆல் வகுத்தால் விட்டம் வரும். அதை 12-ஆல் பெருக்குங்கள். சுற்றளவு 250 செ.மீ. என்றால் விட்டம் ஏறக்குறைய 80 செ.மீ.; மரத்திலிருந்து 9.6 மீட்டர்வரை பள்ளம் தோண்டுவது, மண் ஏற்றுவது, லாரி நிறுத்துவது எதுவும் கூடாது. டெல்லி மரங்கள் வழக்கில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-ல் சுற்றிலும் 1 மீட்டருக்குக் கான்கிரீட்டை அகற்றச் சொன்னது. அது குறைந்தபட்சம். அதைக்கூடக் கொடுக்க மனம் வருவதில்லை.

பொந்துக்குள் சிமெண்ட் அடைப்பது அடுத்த வியாதி. மரம் காற்றில் அசையும், சிமெண்ட் அசையாது. இரண்டும் உரசும் இடுக்கில் நீர் தேங்கி அழுகல் ஓடும். மரத்தின் காயம் நம் தோல்போல் ஆறுவதில்லை. கெட்ட பகுதியைச் சுற்றி மரமே சுவர் எழுப்பி ஒதுக்கிவிடும். அமெரிக்க வனத்துறையின் அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை அறுத்துப் பார்த்துக் காட்டியது இதைத்தான். பொந்தைச் சுரண்டினால் அந்தச் சுவரை உடைக்கிறீர்கள். கிளிக்கு விட்டுவிடுங்கள்.

கிளை வெட்டும்போதும் அதே நினைப்பு வேண்டும். மரத்திலிருந்து ஒரு அடி தள்ளி முதலில் கீழிருந்து கால்வாசி ஆழம் அறுக்கவும். அதற்கு 5 செ.மீ. வெளியே மேலிருந்து அறுத்தால் பட்டை உரியாமல் கிளை விழும். மிஞ்சிய கட்டையைக் கிளையடியில் புடைத்த வளையத்துக்கு வெளியே, ஒட்டினாற்போல அறுக்கவும். வளையத்தை வெட்டாதீர்கள், முளைபோல் கட்டையும் விடாதீர்கள். தார் பூசவேண்டாம். உச்சியை மொட்டையடித்தால் பாதுகாப்பு என்பது வீண்பேச்சு. அங்கே கொத்தாகத் துளிர்ப்பவை பலவீனமாக ஒட்டிய கிளைகள், சில வருடத்தில் அவைதான் தலையில் விழும்.

கொடிகளைப் பற்றி: காகிதப்பூவோ ரங்கூன் மல்லியோ மரத்தின் சாற்றை உறிஞ்சுவதில்லை. அது புல்லுருவியின் வேலை. கொடியின் குற்றம் பாரமும் மறைப்பும்தான். பூவுக்குப் பின்னால் பொந்து இருந்தாலும் தெரியாது, புயலில் கப்பல் பாய்போல் காற்றை வாங்கும். பழைய மரத்தில் முதல் பெருங்கிளைக்கு மேல் ஏறவிடாதீர்கள். எடுக்கவேண்டுமானால் அடியில் அறுத்துவிட்டு மேலே காயவிடுங்கள். பச்சையாக இழுத்தால் பட்டையும் சேர்ந்து வரும். கவட்டையில் பறவை போட்ட அரசங்கன்று இருந்தால் மட்டும் இரக்கமே வேண்டாம், விரல் பருமனாவதற்குள் பிடுங்குங்கள்.

இட்லிப்பூவும் செம்பருத்தியும் மரத்தடியில் வைத்துத்தான் ஆகவேண்டுமா? ஒவ்வொரு முறை பாத்தி கொத்தும்போதும் நுண்வேர் அறுகிறது. தொட்டியில் வையுங்கள், நிழல் தாங்கும் செடியாகப் பார்த்து.

விழாவுக்குச் சீரியல் விளக்குப் போடுகிறவர்களே, ஆணி வேண்டாம், கம்பி வேண்டாம். அகலமான துணிநாடாவால் தளர்வாகக் கட்டுங்கள், விழா முடிந்த மறுநாளே அவிழ்த்துவிடுங்கள். மறந்துவிட்ட கம்பிமேல் மரம் பருத்து வளரும். இலையிலிருந்து வேருக்குப் போகும் உணவு உள்பட்டை வழியாகத்தான் இறங்குகிறது, அந்த இறுக்கம் அதை அங்கேயே நிறுத்திவிடும். போன வருடம் கட்டிய கம்பி இருந்தால் இன்றைக்கே ஒரு கட்டிங் பிளேயரை எடுத்துக்கொண்டு போய்விட்டு வாருங்கள், தயவுசெய்து.