வியர்வையால் ஒரு வேட்டை

பினாங்கின் கொடிமலைக்கு ஏறும் ஜீப் சாலையில் ஞாயிற்றுக்கிழமை காலையில் நானும் தம்பியும் ஓடுவோம். தண்ணீர்மலைப் பூங்கா வாசலிலிருந்து கூடவே வரும் ஒரு நாய், முதல் வளைவுவரை எங்களை முந்திப் பாயும். அப்புறம் நிழலில் படுத்து, நாக்கைத் தொங்கப்போட்டு இரைக்கும். நாங்கள் அதைத் தாண்டி ஓடிக்கொண்டே இருப்போம்.

மானை ஓடியே பிடிக்கும் வித்தையும் இதுதான். போட்ஸ்வானாவின் கலஹாரி பாலைநிலத்தில் சான் பழங்குடி வேடர்கள் குடூ என்ற முறுக்குக் கொம்பு இரலையை இப்படித் துரத்தினார்கள். அவர்களோடு தானும் ஓடிய ஆய்வாளர் லூயிஸ் லீபன்பெர்க் 2006இல் அதை விரிவாக எழுதினார். வெயில் 40 டிகிரியை ஒட்டிய நேரம், 2 முதல் 5 மணி நேர ஓட்டம். சில வேட்டைகள் 30 கிலோமீட்டரையும் தாண்டின.

வேகத்தில் மானோடு நம்மால் போட்டி போடவே முடியாது. ஆனால் நாலுகால் பாய்ச்சலில் அதன் மூச்சு காலடியோடு கட்டுண்டது: ஒரு பாய்ச்சலுக்கு ஒரு மூச்சு. நின்றால்தான் நன்றாக இரைத்து உடம்பைக் குளிர்விக்க முடியும். வேடர் அதை நிற்க விடமாட்டார். நிழலில் ஒதுங்கினாலும் குளம்புத் தடத்தைப் படித்து வந்து மறுபடி கிளப்பிவிடுவார். கால் வலிமையைவிட இந்தத் தடம் படிக்கும் அறிவுதான் பெரிதென்று எனக்குத் தோன்றுகிறது. ஒவ்வொரு ஓட்டத்திலும் சூடு உடம்பில் சேர்ந்துகொண்டே போகும். கடைசியில் மான் அசையாமல் நின்றுவிடும். ஈட்டியோடு பக்கத்திலேயே போய்விடலாம்.

வேடருக்கு ஏன் அந்தக் கதி இல்லை? நம் தோலில் 20 லட்சத்துக்கும் மேலான வியர்வைச் சுரப்பிகள் இருக்கின்றன, அடர்ந்த ரோமம் இல்லை. ஒரு லிட்டர் வியர்வை ஆவியானால் சுமார் 580 கிலோகலோரி வெப்பம் போய்விடும். ஓடிக்கொண்டே குளிரலாம்.

ஆவியானால்தான். மூன்றாவது வளைவில் என் முழங்கையிலிருந்து வியர்வை சொட்டுச் சொட்டாகத் தாரில் விழும். சட்டையைப் பிழிந்தால் தண்ணீர் கொட்டும். பினாங்குக் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை எளிதில் காய்வதில்லை. கீழே விழும் சொட்டு உடம்பைக் குளிர்விப்பதும் இல்லை. கலஹாரியின் வறண்ட காற்று வேடருக்குச் செய்யும் உதவி இங்கே கிடைக்காது.

மலேசியத் தீபகற்பத்தின் அடர்காட்டில் ஓராங் அஸ்லி பூர்வகுடி வேடர்களின் கருவி வேறு: மூங்கில் ஊதுகுழல், ஈப்போ மரத்தின் நஞ்சுப்பால் தடவிய சிற்றம்பு. இதயத்தையே நிறுத்திவிடும் பால் அது. ஈப்போ நகரத்துக்குப் பெயர் தந்ததும் அதே மரம்தான். குறி பெரும்பாலும் மரத்தின் மேல் இருக்கும் குரங்கோ அணிலோ. வேடர் சத்தமில்லாமல் கீழே வந்து நின்று, ஒரே மூச்சில் ஊதுவார்.