அக்காவையும் தம்பியையும் பிரிக்காமல் வளர்க்க: கொழும்பில் யாரிடம், என்ன கேட்பது

கொட்டாஞ்சேனையில் ஒரு தாய் இறந்துவிட்டார், தகப்பனும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். பன்னிரண்டு வயதில் அக்கா, ஏழு வயதில் தம்பி, மூன்று வயதில் தங்கை. சொந்தக்காரர்கள் ஆளுக்கு ஒரு பிள்ளையாகக் கூட்டிக்கொண்டு போவார்கள். இல்லையென்றால் சிறுவர் இல்லம்தான். பல இல்லங்கள் ஆண் பிள்ளைகளுக்கு மட்டும், அல்லது பெண் பிள்ளைகளுக்கு மட்டும் என்பதால் அங்கேயும் பிரிவுதான். யாரும் கெட்ட எண்ணத்தோடு இதைச் செய்வதில்லை. ஆனால் தாயைப் பறிகொடுத்த அதே மாதத்தில் அந்தத் தம்பி அக்காவையும் இழக்கிறான்.

பிரிக்காமல் வைத்திருக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. 1939ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சிறுவர் மற்றும் இளம் ஆட்கள் கட்டளைச் சட்டத்தின்படி, பாதுகாப்புத் தேவைப்படும் பிள்ளையை நீதிமன்றம் ‘தகுந்த ஆள்’ ஒருவரின் பராமரிப்பில் விடலாம். சித்தியோ மாமாவோதான் வரவேண்டும் என்றில்லை, மனமுவந்து பொறுப்பேற்கும் அயலவரும் முன்வரலாம். இது தத்தெடுப்பு அல்ல. அதற்கு 1941ஆம் ஆண்டின் தனிச் சட்டம் இருக்கிறது.

கொழும்பில் இதைக் கையாள்வது மேல் மாகாண நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புத் திணைக்களம். எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் உங்கள் கிராம சேவகரிடமோ, பிரதேச செயலகத்தில் உள்ள சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரிடமோ போங்கள். அப்புறம் நன்னடத்தை உத்தியோகத்தர் வீட்டைப் பார்த்து நீதிமன்றத்துக்கு அறிக்கை கொடுப்பார். ‘மூன்று பேரும் ஒரே வீட்டில்’ என்ற கோரிக்கையை அந்த அறிக்கை போவதற்கு முன்னரே, எழுத்தில் கொடுத்துவிடுங்கள். பிள்ளைகளின் விருப்பத்தையும் கேட்கச் சொல்லுங்கள். தமிழிலேயே எழுதலாம், தமிழிலேயே பேசலாம்; அரசியலமைப்பு தந்த உரிமை அது. நீதிமன்ற மொழி புரியாவிட்டால் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள்.

2009இல் ஐ.நா. பொதுச் சபை வரவேற்ற மாற்றுப் பராமரிப்பு வழிகாட்டல்களும் இதையே சொல்கின்றன: பாசத்தோடு ஒன்றாக வளர்ந்த உடன்பிறப்புகளைப் பிரிக்கக் கூடாது. ஒரு பிள்ளையால் இன்னொரு பிள்ளைக்கு ஆபத்து என்பது போன்ற தெளிவான காரணம் இருந்தால் மட்டுமே விதிவிலக்கு. ஆபத்து சந்தேகம் வந்தால் தயங்காமல் 1929க்கு அழையுங்கள்; அது தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் இலக்கம்.

சட்டம் வழிவிட்டாலும் மூன்று பிள்ளைகளை ஒரு தொடர்மாடி வீட்டில் வைத்துப் பார்ப்பது லேசான வேலை இல்லை. சித்திக்கு மனம் இருக்கும், கை போதாது. அந்த இடத்தில்தான் அக்கம்பக்கம் வேண்டும். ஒருவர் காலையில் தம்பியைப் பாடசாலைக்குக் கூட்டிப்போகலாம். இன்னொருவர் பின்னேரம் பாடம் சொல்லிக்கொடுக்கலாம். கோயிலோ, தேவாலயமோ, பள்ளிவாசலோ அரிசி, பருப்புக்குப் பொறுப்பேற்கலாம். யார் எந்த நாளில் எதைச் செய்வார் என்று ஒரு தாளில் எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போட்டு, வீட்டைப் பார்க்க வரும் உத்தியோகத்தரிடம் கொடுங்கள். சட்டம் அப்படியொரு தாளைக் கேட்பதில்லை. ஆனாலும் ‘ஒரு பெண் தனியாக எப்படிச் சமாளிப்பார்?’ என்ற கேள்விக்கு அதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை.

எவ்வளவு முயன்றும் ஒரே வீடு அமையாவிட்டால், சந்திக்கும் ஏற்பாட்டையாவது கேளுங்கள். தொடர்பு அறாமல் இருக்க எல்லா முயற்சியும் எடுக்கவேண்டும் என்று அதே வழிகாட்டல்கள் சொல்கின்றன. ‘இடைக்கிடை பார்க்கலாம்’ என்ற வாய்ப்பேச்சோடு எழுந்து வராதீர்கள். எந்த ஞாயிறு, யார் கூட்டிவருவது, பாடசாலை விடுமுறையில் எத்தனை நாள், பிறந்தநாளுக்கு என்ன ஏற்பாடு, எந்த இலக்கத்துக்குத் தம்பி அழைக்கலாம் என்பதையெல்லாம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.