எந்தப் பிரதி உண்மை?

இன்டெல் தன் முதல் வெளிநாட்டு ஆலையை 1972-இல் திறந்த இடம் மலேசியாவில் பினாங்கின் பாயான் லெப்பாஸ். இன்று அந்தத் தொழிற்பேட்டையில் எத்தனையோ நிறுவனங்கள். அவற்றில் ஒன்றில் வேலை பார்க்கும் இளைய பொறியாளர் ஒருவர், தாம் பழகுவதற்காக எழுதிய லினக்ஸ் கெர்னல் (இயங்குதளத்தின் உட்கரு) திருத்தம் ஒன்றை என்னிடம் காட்டினார். "அக்கா, புதிதாக எதுவும் இல்லை. நிரல்வரிகளை ஒழுங்குபடுத்தும் துப்புரவுதான். மேலோட்டமாகப் பார்த்தால் போதும்" என்றார். புதிதாக எதுவும் செய்யாத திருத்தத்தைத்தான் வரி வரியாகப் படிக்க வேண்டும் என்பேன்.

அந்தத் திருத்தம் தொட்ட இடம் இது: பல நிரல்கள் செயலியின் அதே பதிவகங்களை, அதாவது கணக்கிடும் எண்களை வைத்திருக்கும் சிறு இடங்களை, மாறி மாறிப் பயன்படுத்துகின்றன. ஒரு நிரல் விலகும்போது அதன் எண்களைக் கெர்னல் நினைவகத்தில் எழுதிவைக்கும். மீண்டும் முறை வந்ததும் ஏற்றும். இன்டெல்லின் பழைய கணக்குச் சில்லான 8087 காலத்தில் இது 80 பிட் பதிவகங்கள் எட்டு. பல எண்களை ஒரே நேரத்தில் கணக்கிடும் ஏவிஎக்ஸ்-512 வசதிக்கு 64 பைட் கொண்டவை 32. அணிக் கணக்குகளுக்கான ஏஎம்எக்ஸ் வசதி இன்னும் 8 கிலோபைட்டைச் சேர்த்தது.

இவ்வளவையும் தேவையின்றி ஏற்றாமலிருக்க, எக்ஸ்86 (இன்டெல் வகைச் செயலிகள்) லினக்ஸ் ஒவ்வொரு நிரலுக்கும் ஒரு குறி வைத்திருக்கிறது. குறி இருந்தால் நினைவகப் பிரதியே உண்மை. இல்லையென்றால் பதிவகத்தில் இருப்பதே உண்மை. மறையாக்கம் போன்ற வேலைக்காகக் கெர்னலே அந்தப் பதிவகங்களைக் கேட்கும்போது, முதலில் குறியை இடும், பிறகு நிரலின் எண்களைச் சேமிக்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் வேறொரு நிரல் உள்ளே புகுந்தால்? குறி இருப்பதைக் காணும் கெர்னல், எண்கள் ஏற்கெனவே பத்திரமாக இருப்பதாக நம்பிச் சேமிக்காமல் விட்டுவிடும். முதல் நிரல் திரும்பி வரும்போது பழைய எண்களோடு கணக்கைத் தொடரும். எந்தப் பிழைச்செய்தியும் வராது. விடை மட்டும் தவறாக இருக்கும். அதனால்தான் இரண்டு படிகளும் இடைமறிக்க முடியாத ஒரே பகுதிக்குள் நடக்க வேண்டும்.

இந்த வேலையைச் செய்யும், ஒன்றுபோல் இருந்த இரண்டு செயற்கூறுகளை (functions) அந்தப் பொறியாளர் அழகாக ஒன்றாக்கியிருந்தார். ஆனால் இடைமறிக்க முடியாத அந்தப் பகுதியின் தொடக்கம் ஒரு வரி கீழே இறங்கி, குறியிடும் வரி வெளியே நின்றது. சோதனைகள் அனைத்தும் தேறின. அந்த இடைவெளி அவ்வளவு சிறியது.

துப்புரவு வீண்வேலை என்று நான் சொல்லவில்லை. 2021-இல் கெர்னல் உருவாக்குநர் தாமஸ் கிளைக்ஸ்னர் முன்னின்று கெர்னலின் இந்தப் பதிவக நிரல்வரிகளை ஒழுங்குபடுத்தினார். 2022 ஜனவரியில் வெளியான 5.16 பதிப்பில் ஏஎம்எக்ஸ் ஆதரவுக்கு அது வழிவிட்டது. அந்த 8 கிலோபைட், கேட்கும் நிரலுக்கு மட்டுமே ஒதுக்கப்படுகிறது.

பகுதியைத் தொடங்கும் வரியை, குறியிடும் வரிக்கு மேலே ஏற்றச் சொன்னேன். கூடவே, பாதுகாப்பில்லாமல் அந்தச் செயற்கூற்றை யாராவது அழைத்தால் உடனே எச்சரிக்கும் ஒரு சரிபார்ப்பையும் சேர்க்கச் சொன்னேன்.