நுங்கு ஏன் கல்லாகிறது?

“ஒரு நுங்கு வாயில் வைத்ததும் வழுக்கிக்கொண்டு போகிறது, இன்னொன்று ரப்பர் போலக் கடிபட மறுக்கிறது. இரண்டும் ஒரே மரத்துக் காய்கள்தானே?” என்று வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார். இளவேனிலுக்கு ஏற்ற கேள்வி.

காயின் தலையைச் சீவினால் மூன்று கண்கள் தெரியும். ஒவ்வொரு கண்ணும் ஒரு விதை. கட்டைவிரலால் நெம்பியெடுத்துக் கடித்தால் நடுவிலிருந்து நீர் பீறிடும். நாம் தின்பது பழத்தின் சதையை அல்ல, பிறக்கப்போகும் பனங்கன்றுக்கான ‘கருவூண் திசு’வை. தொடக்கத்தில் அதில் செல் சுவர்களே கிடையாது. உட்கருக்கள் மட்டும் பெருகித் திரவத்தில் மிதக்கும். பிறகு ஓரத்திலிருந்து சுவர்கள் எழும்பி உள்நோக்கி வளரும். ஓரம் கூழாகி, நடு இன்னும் நீராக இருக்கும் சில நாட்களே நுங்குப் பருவம். தேங்காயின் இளநீரும் வழுக்கையும் இப்படி உருவானவைதாம்.

அந்தக் கூழின் அழகு அதன் சர்க்கரைச் சங்கிலிகளில் இருக்கிறது. மேனோஸ் என்னும் சர்க்கரை நீளமாகக் கோத்திருக்க, பக்கவாட்டில் கேலக்டோஸ் கிளைகள் நீட்டிக்கொண்டிருக்கும். கிளை கழிக்காத கருவேல விறகை அடுக்கிப் பாருங்கள், எவ்வளவு அழுத்தினாலும் இடைவெளி இருக்கும். சங்கிலிகளுக்கு நடுவே உள்ள அந்த இடைவெளிகளில்தான் தண்ணீர் தங்குகிறது. காய் முற்ற முற்றக் கிளைகள் குறைகின்றன. கழித்த விறகு போலச் சங்கிலிகள் ஒட்டி அடுக்கிக்கொள்கின்றன, தண்ணீருக்கு இடமில்லாமல் போகிறது. குலையை இறக்கச் சில நாட்கள் தாமதித்தால் கிடைப்பது ரப்பர் போன்ற ‘கடுக்காய்’ நுங்கு. இன்னும் விட்டால் விதை கல்லாகிவிடும். தென் அமெரிக்கப் பனை ஒன்றின் விதையில் இதே பொருள் தந்தம் போல இறுகுவதால், அதைக் கடைந்து சட்டைப் பொத்தான் செய்தார்கள்.

காய்ப்பது பெண் பனை மட்டுமே. திருவோத்தூரில் சம்பந்தர் ஆண் பனைகளைப் பெண் பனைகளாக்கினார் என்ற கதை, காய்க்காத மரங்களைப் பார்த்து ஒருவர் பட்ட ஏக்கத்திலிருந்து தொடங்குகிறது. விதை ஊன்றுபவருக்கு அந்த ஏக்கம் இன்றும் தீரவில்லை. மரம் பாளை விடும் வரை, பத்து வருடங்களுக்கும் மேலாக, அது ஆணா பெண்ணா என்று பார்வையால் சொல்ல முடியாது. பனை விதைகளை லட்சக்கணக்கில் நடுகிறோம், நல்லதுதான். கன்றிலேயே பாலினத்தைக் காட்டும் எளிய மலிவான சோதனைக்கும் அதே அக்கறையோடு பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வெட்டாமல் விட்ட காய்கள் ஆடி, ஆவணியில் பழுத்து விழும். அந்தக் கொட்டைகளை மண்ணில் புதைத்தால் உள்ளிருக்கும் கரு பஞ்சு போலப் பருத்து, நொதிகளால் அந்தக் கல்லைக் கரைத்து மீண்டும் சர்க்கரையாக்கிக் கீழே அனுப்பும். மார்கழியில் கொட்டையைப் பிளந்தால் அந்த வெள்ளைப் பஞ்சு இனிக்கும். அதன் அடியில், பொங்கலுக்கு வேகவைக்கத் தயாராகக் கிழங்கு இறங்கியிருக்கும்.